சருகும் பாஸ்பரசும்: ஓடைப் பூச்சிகளின் வளர்ச்சி பற்றிய சிந்தனை மாறிய வழி

கலோரிக் கணக்கில் பார்த்தால், இலையுதிர்காலக் காட்டோடையில் பூச்சிகளுக்குப் பஞ்சமே கிடையாது. 1973இல் ஃபிஷரும் லைக்கன்ஸும் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள பேர் ஓடைக்கு ஆற்றல் வரவுசெலவு எழுதியபோது, வரவில் 99 விழுக்காட்டுக்கும் மேல் ஓடைக்கு வெளியே இருந்தே வந்தது தெரிந்தது. சருகு குவிந்து கிடக்கும் ஓடையிலும் அதைத் தின்னும் பூச்சி ஏன் மெதுவாக வளர்கிறது என்ற கேள்விக்கு இந்தக் கணக்கில் விடை இல்லை. உணவு எவ்வளவு என்பதோடு, அதன் தனிம விகிதம் பூச்சியின் உடல் விகிதத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதும் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது. இதைக் காண, ஆற்றல் கணக்கோடு அணுக் கணக்கும் சேர வேண்டியிருந்தது.

துப்பு முன்பே கிடைத்திருந்தது. நீரில் ஊறும் சருகில் பூஞ்சை படரப் படர அதன் புரதம் கூடுவதை 1971இல் கௌஷிக்கும் ஹைன்ஸும் காட்டினர். சில வாரம் ஊறிய இலையைக் கையில் எடுத்தால் வழுவழுப்பாக, தொட்டால் கிழியும் பதத்தில் இருக்கும். காடிஸ் பூச்சியின் புழு சதைப்பகுதியைச் சுரண்டித் தின்றுவிட்டு நரம்புகளை வலைபோல விட்டுவைக்கும். ஓடைச் சூழலியலாளர் கம்மின்ஸ் இதை பிஸ்கட்டுக்கும் அதன்மேல் தடவிய வேர்க்கடலை வெண்ணெய்க்கும் ஒப்பிட்டார்: இலை பிஸ்கட், சத்து மேற்பூச்சில். நல்ல உவமைதான், ஆனால் அளக்க உதவாது. அளவுகோல் வேறு திசையிலிருந்து வந்தது. வேகமாக வளரும் உயிருக்குப் புரதம் உருவாக்கும் ரைபோசோம் நிறைய வேண்டும், ரைபோசோமின் ஆர்என்ஏவில் பாஸ்பரஸ் மிகுதி என்று எல்சரும் சக ஆய்வாளர்களும் 1996இல் வாதிட்டனர். 2002இல் ஸ்டெர்னரும் எல்சரும் எழுதிய நூல் இதை முழுக் கோட்பாடாக்கியது. சருகில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்கு ஆயிரக்கணக்கான கார்பன் அணுக்கள் உண்டு. பூச்சியின் உடலிலோ சில நூறுதான்.

இதற்கு எதிரான வாதங்களை எளிதில் தள்ளிவிட முடியாது. பூச்சி கூடுதலாகத் தின்று குறையை ஈடுகட்டலாமே என்பது ஒன்று. ஈடுகட்டத்தான் செய்கிறது, ஆனால் குடல் கொள்ளும் அளவுக்கு எல்லை உண்டு, மிஞ்சிய கார்பனை மூச்சாகவும் கழிவாகவும் வெளியேற்றுவதற்கும் செலவு உண்டு. பூஞ்சை இலையை மென்மையாக்குகிறது, கொழுப்பும் சேர்க்கிறது. பிறகு பாஸ்பரசை மட்டும் காரணம் காட்டலாமா என்பது இன்னும் வலுவான கேள்வி. சருகை மட்டும் வைத்து இதைப் பிரித்தறிவது கடினம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் 2002இல் ஃப்ராஸ்ட்டும் எல்சரும் ஏரிக்கரையில் வாழும் மேஃப்ளை என்ற பூச்சிகளுக்குச் சருகைத் தராமல், கல்மேல் படரும் பாசிப்படலத்தையே பாஸ்பரஸ் அளவு மாற்றித் தந்தபோதும், பாஸ்பரஸ் குறைந்த உணவில் வளர்ச்சி தாழ்ந்தது.

அப்படியானால் ஓடையில் உரம் கலந்தால் எல்லாம் செழிக்குமா? வட கரோலினாவின் கவீட்டா காட்டில், 2000ஆம் ஆண்டு தொடங்கி ஒரு சிற்றோடைக்குத் தொடர்ந்து நைட்ரஜனும் பாஸ்பரசும் ஊட்டி, அருகிலுள்ள இன்னோர் ஓடையோடு ஒப்பிட்டார்கள். சருகின் கார்பன்–பாஸ்பரஸ் விகிதம் இறங்கியது, பூச்சிகளின் உற்பத்தி ஏறியது. பூச்சிகளின் உடலிலும் பாஸ்பரஸ் சற்று உயர்ந்தது. உடல் விகிதம் அசையாதது என்ற அனுமானத்தை இதற்குப் பிறகு தளர்த்தித்தான் படிக்க வேண்டும். முதல் இரண்டு ஆண்டு இரைகளும் கொன்றுண்ணிகளும் சேர்ந்தே பெருகின. பிறகு இரை மட்டும் பெருகியது, கொன்றுண்ணிகள் கூடவில்லை. காரணம், சத்துள்ள சருகால் கொழித்தவை பெரும்பாலும் பிக்னாப்சைக் போன்ற பெரிய காடிஸ் புழுக்கள். கூட்டுக்குள் பருத்துக் கிடக்கும் அவற்றைப் பிடித்துத் தின்பது எளிதல்ல. இன்னொரு விளைவும் உண்டு. சத்து ஏறிய சருகு வேகமாகக் கரைகிறது. ரோஸ்மண்ட் குழு 2015இல் காட்டியபடி, காட்டிலிருந்து வந்த கார்பன் ஓடையில் தங்கும் காலம் ஏறத்தாழப் பாதியாகிறது. உணவின் தரம் உயர்ந்த அதே ஓடையில், கோடைக்குள் உணவே தீர்ந்துபோகலாம்.