பினேயின் அளவுகோல்

குழந்தையின் அறிவையே ஓர் எண்ணாக எழுதிவைக்கும் வழக்கம் மிகப் பழமையானதன்று. அதன் பிறப்பை ஆராயப் புகுவோர் பாரிஸ் நகரில் தொடங்குதல் வேண்டும்.

1904-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கல்வி அமைச்சர் ஒரு குழுவை அமைத்தார். சாதாரண வகுப்பில் பாடத்தைப் பின்பற்ற இயலாத பிள்ளைகளை இனங்கண்டு, அவர்களுக்குத் தனிப் போதனை அளிக்க வழி காண்பது அதன் வேலை. அக்குழுவில் இருந்த ஆல்பிரட் பினே என்னும் உளநூலறிஞர், தியோடோர் சிமோன் என்னும் மருத்துவரின் துணையுடன் 1905-இல் 30 சிறு சோதனைகளை வகுத்தார். எளியதில் தொடங்கி அரியதை நோக்கி ஏறிச் செல்வன அவை. இரு கோடுகளில் நீளமானது எது, படத்திலுள்ள பொருளின் பெயர் யாது, மூன்று எண்களைக் கேட்டு அப்படியே திருப்பிச் சொல்ல இயலுமா என்பன போன்றவை. ஆசிரியரின் விருப்பு வெறுப்பினால் ஒரு பிள்ளை ‘மந்தம்’ என்று ஒதுக்கப்படாமல் காக்கவும் அவை உதவும் என்று பினே கருதினார்.

அறிவு, கோட்டின் நீளம்போல் அளந்து எழுதத்தக்கதன்று என்பதை அவர் அந்த 1905-ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே தெளிவாக்கியிருந்தார். 1909-இல் வெளியிட்ட நூலில், அறிவு பிறப்பிலேயே வரையறுக்கப்பட்ட மாறாத அளவு என்போரைக் கண்டித்தார். கண்டித்ததோடு நில்லாமல், பின்தங்கிய பிள்ளைகளுக்கென மனப்பயிற்சிகளையும் உண்டாக்கினார். அவற்றுள் ஒன்று சிலை விளையாட்டு. சைகை காட்டியதும் வகுப்பு முழுவதும் அசையாது நிற்க வேண்டும். கவனத்தை நிறுத்தப் பழகிய பின்னரே இலக்கணமும் கணக்கும். (முதலாம் ஆண்டு வகுப்பை நடத்தும் நண்பர்கள் இதை நாளையே செய்து பார்க்கலாம்; செலவொன்றும் இல்லை.)

1911-இல், தம் 54-ஆம் வயதில் பினே காலமானார். அளவுகோல் பிறர் கைக்குப் போயிற்று. 1912-இல் ஜெர்மானியரான வில்லியம் ஸ்டெர்ன், மனவயதை உடல்வயதால் வகுக்கலாம் என்றார். 1916-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்து லூயிஸ் டெர்மன் அந்த ஈவை நூறால் பெருக்கினார். ஆசிரியப் பயிற்சியில் நாம் மனப்பாடம் செய்த ‘நுண்ணறிவு ஈவு’ இதுதான். டெர்மனோ அறிவு பெரும்பாலும் பரம்பரைச் சொத்து என்று நம்பியவர். 1917 முதல் அமெரிக்கப் படையில் 17 லட்சம் பேரைக் கூட்டங்கூட்டமாக உட்காரவைத்துச் சோதித்தார்கள். துணை வேண்டியவரைத் தேடப் பிறந்த கருவி சல்லடையாயிற்று.

இங்கிலாந்தில் 1944-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்துக்குப் பின் பதினோரு வயதினரைப் பிரித்த தேர்வில் நுண்ணறிவுச் சோதனையும் இடம்பெற்றது. மலாயாவில் 1957 முதல் நடந்த இடைநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வும் ஆறாம் வகுப்பு முடிவில் பிள்ளைகளைப் பிரித்தது. தேறாதோர் பலருக்குப் படிப்பு அத்துடன் முடிந்தது. 1964-இல் அது நீக்கப்பட்டது. 1988-இல் வந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு எவரையும் இடைநிலைப் பள்ளிக்கு வெளியே நிறுத்தவில்லை. ஆயினும் ‘7 ஏ’ என்பது நம் பிள்ளைகளின் பெயருக்கு முன் பட்டமாக ஏறிக்கொண்டது. பட்டம் இல்லாத பிள்ளைகளை ஊர் எந்தப் பெயரால் அழைத்தது என்பதை ஆசிரியர்கள் அறிவர்.

2021-இல் அத்தேர்வும் எடுபட்டது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இப்போது நாம் எழுதித் தருவது அடைவு நிலை மட்டுமே. அதைப் பெற்றுக்கொண்ட தந்தையொருவர் சென்ற ஆண்டிறுதியில், “எல்லாம் சரிங்க ஐயா, மொத்தம் எத்தனை மார்க்கு? வகுப்பில் எத்தனையாவது?” என்று வினவினார். மகள் பக்கத்தில் நின்றிருந்தாள். எழுத்துக் கூட்டாமல் வாசிக்கிறாள், கழித்தல் கணக்கில்தான் இன்னும் துணை வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.