ஒரு கம்ப்யூட்டரை 40 ஆக்கும் 'குளோனிங்'... லேப்களில் லாகின் திடீரென அடம்பிடிப்பது ஏன்?

கல்லூரி லேப் ஒன்றில் 40 கம்ப்யூட்டர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாமே ஒரே மாடல். ஒவ்வொன்றிலும் விண்டோஸும் வேண்டும், லினக்ஸும் வேண்டும். இரண்டையும் போட்டு, டிரைவர், சாஃப்ட்வேர், பிரிண்டர் என எல்லாம் செட் பண்ண ஒரு கம்ப்யூட்டருக்கே அரை நாள் ஓடிவிடும். 40-க்கும் தனித்தனியாகச் செய்தால் 20 நாள். செய்முறைத் தேர்வு நெருங்கும் நேரத்தில் இது நடக்கிற காரியமா?

அதனால்தான் ஒன்றை மட்டும் பக்காவாகத் தயார் செய்து, அதை அப்படியே மற்றவற்றில் இறக்குகிறார்கள். இதற்குப் பெயர் டிஸ்க் குளோனிங். 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டதால், பல லேப்களில் விண்டோஸ் 11 ஏற்ற வேண்டிய கட்டாயம். ஆனால் குளோனிங்கில் பல வருடமாக ஓடிக்கொண்டிருந்த ஒரு குறுக்குவழி, இப்போது காலை வாருகிறது.

டூயல் பூட் என்றால் என்ன?

ஒரே ஹார்ட் டிஸ்க்கில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று மெனு கேட்கும். தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது புதிதல்ல. 2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில், விண்டோஸோடு சி-டாக் நிறுவனத்தின் 'பாஸ்' லினக்ஸும் சேர்ந்து வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும்.

40 கம்ப்யூட்டருக்கும் ஒரே நேரத்தில் எப்படி?

இதற்கு அதிகம் பயன்படுவது 'குளோன்ஜில்லா' என்ற இலவச மென்பொருள். தைவானின் தேசிய உயர்திறன் கணினி மையத்தில் உருவானது. டிஸ்க் 1 டிபி இருந்தாலும், தகவல் இருக்கும் பகுதியை மட்டும்தான் இது காப்பி செய்யும். விண்டோஸ், லினக்ஸ் இரண்டின் ஃபைல் அமைப்பும் இதற்குப் புரியும்.

மொத்தத் தகவல் 60 ஜிபி என்றால், 1 ஜிகாபிட் நெட்வொர்க்கில் ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்ப உத்தேசமாக 10 நிமிடம். வரிசையாக 40-க்கும் அனுப்பினால் 6 மணி நேரத்துக்கு மேல். இங்குதான் 'மல்டிகாஸ்ட்' கைகொடுக்கிறது. ஒவ்வொருவர் காதிலும் போய்ச் சொல்லாமல், மைக்கில் ஒரே தடவை அறிவிப்பது மாதிரி. சர்வர் ஒருமுறை அனுப்பும், 40-ம் சேர்ந்து வாங்கிக்கொள்ளும். கிட்டத்தட்ட ஒன்றுக்கு ஆகும் நேரம்தான்.

ஆனால் எல்லோரும் வாங்கினால்தான் அடுத்த வரி. ஒரே ஒரு கேபிள் லூஸாக இருந்தாலும் மொத்த லேப்பும் அதற்காகக் காத்திருக்கும். நெட்வொர்க் ஸ்விட்ச் பழைய 100 மெகாபிட் ரகம் என்றால், 10 நிமிடம் ஒன்றரை மணி நேரமாகிவிடும்.

முதலில் எதை ஆஃப் செய்யணும்?

விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. இது ஆனில் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக மூடாது, அரைத்தூக்கத்தில்தான் இருக்கும். அந்த நிலையில் எடுத்த காப்பியை நம்ப முடியாது. அடுத்தது பிட்லாக்கர். டிஸ்க் பூட்டப்பட்டிருந்தால் எது தகவல், எது காலி இடம் என்று குளோன்ஜில்லாவுக்குத் தெரியாது. முழு டிஸ்க்கையும் காப்பி அடிக்கும். போதாக்குறைக்கு, வேறு கம்ப்யூட்டரில் போட்டதும் ரெகவரி கீ கேட்டு நிற்கும்.

லாகின் சிக்கல் எங்கிருந்து வந்தது?

ஒவ்வொரு விண்டோஸுக்கும் எஸ்.ஐ.டி என்ற அடையாள எண் உண்டு. அப்படியே காப்பி எடுத்தால் 40-க்கும் ஒரே எண். 'சிஸ்பிரெப்' என்ற கருவியை ஓட்டி இந்த அடையாளத்தை அழித்த பிறகே குளோன் எடுக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்டின் விதி. ஆனால், எண் ஒன்றாக இருப்பதால் பெரிய பாதிப்பில்லை என்று அந்த நிறுவனத்தின் மார்க் ருசினோவிச்சே 2009-ல் எழுதினார். எண்ணை மாற்றித் தரும் தன்னுடைய 'நியூ-எஸ்.ஐ.டி' கருவியையும் அப்போதே ஓரங்கட்டினார். அப்புறம் யார் சிஸ்பிரெப் ஓட்டுவார்கள்? பல லேப்கள் அதை விட்டுவிட்டன.

2025 ஆகஸ்ட் 29 முதல் வந்த அப்டேட்களில் கதை மாறியது. விண்டோஸ் 11-ன் 24எச்2, 25எச்2 பதிப்புகள் இப்போது இந்த எண்ணைச் சரிபார்க்கின்றன. ஒரே எண் உள்ள இரண்டு கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று பேச முயன்றால் அனுமதி கிடைக்காது. ஷேர் ஃபோல்டர் திறக்காது, ரிமோட் டெஸ்க்டாப் இணையாது. பாஸ்வேர்டு சரியாகவே அடித்தாலும் திரும்பத் திரும்பக் கேட்கும். முறைப்படி மறுபடி இன்ஸ்டால் செய்வதுதான் நிரந்தரத் தீர்வு என்கிறது மைக்ரோசாஃப்ட்.

சிஸ்பிரெப் ஓட்டி ஷட்டவுன் ஆனபின் ஒரு கண்டம் இருக்கிறது. அடுத்த தடவை ஆன் செய்யும்போது நேராகக் குளோன்ஜில்லாவுக்குப் போக வேண்டும். மெனுவில் கை தவறி விண்டோஸுக்குள் போனால், அது புது அடையாளத்தை அங்கேயே உருவாக்கிக்கொள்ளும். மறுபடி முதலிலிருந்து.

லினக்ஸ் பக்கம் பிரச்சினையே இல்லையா?

இருக்கிறது. அங்கே 'மெஷின்-ஐடி' என்று ஒரு ஃபைல். அது 40-லும் ஒன்றாக இருந்தால், சில லினக்ஸ்களில் எல்லா கம்ப்யூட்டரும் ஒரே ஐ.பி முகவரியைக் கேட்டு அடித்துக்கொள்ளும். காப்பி எடுக்கும் முன் அந்த ஃபைலைக் காலி செய்துவிட்டால் போதும், அடுத்த பூட்டில் புதிதாக எழுதிக்கொள்ளும். எஸ்.எஸ்.எச் சாவிகளையும் அழித்துவிட்டு, ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் புதிதாக உருவாக்க வேண்டும்.

எல்லாம் முடிந்தும் லினக்ஸ் மெனு வராமல் நேராக விண்டோஸ் வந்தால் பதற வேண்டாம். எது முதலில் பூட் ஆக வேண்டும் என்ற பட்டியல் டிஸ்க்கில் இல்லை, மதர்போர்டில் இருக்கிறது. டிஸ்க்கை காப்பி செய்தால் அது கூட வராது. பயாஸ் அமைப்புக்குள் போய் வரிசையை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். லினக்ஸின் பெயரே பட்டியலில் இல்லையென்றால், லைவ் பென் டிரைவில் பூட் செய்து அதை மறுபடி சேர்க்க வேண்டும்.