எம்.எஸ்.டபிள்யூ முடிச்சாச்சா? குமரிக்குப் பெட்டி கட்டும் முன் இதைப் படிங்க!

சாயங்காலம் எழும்பூரில் ரயில் ஏறினால், மறுநாள் காலை ஆரல்வாய்மொழி காற்றாலைகளைத் தாண்டும்போது காற்றே மாறியிருக்கும். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் வயல். அடுத்து நாகர்கோவில். கையில் சமூகப் பணி பட்டம், பையில் நாலு செட் துணி, மனசுல ஒரே கேள்வி: 'இங்க நமக்கு வேலை இருக்கா?'

இருக்கு. ஆனா, வேலையைத் தேடுறதுக்கு முன்னாடி ஊரைத் தெரிஞ்சுக்கணும். குமரிக்கு இது ரொம்பவே பொருந்தும்.

படிச்ச ஊர்ல சமூகப் பணிக்கு என்ன வேலை?

2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவிகிதம். தமிழ்நாட்டிலேயே முதலிடம். அதனால், 'இங்க எல்லாம் நல்லாத்தானே இருக்கு' என்று தோன்றும்.

கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். 2004 சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, மேலமணக்குடி ஆகிய ஊர்கள் உறவுகளை இழந்தன. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கி புயல், ஆழ்கடலில் இருந்த மீனவர்களைக் கொண்டுபோனது. பலரின் உடல்கூடக் கிடைக்கவில்லை. ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாத ஒருவரைத்தான் இறந்தவராகச் சட்டம் கருதும். அந்தக் காத்திருப்பைத் தளர்த்திய பிறகே பல குடும்பங்களுக்கு நிவாரணம் போய்ச் சேர்ந்தது. புருஷன் இருக்காரா, இல்லையா என்றே தெரியாத ஒரு அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படிவம் நிரப்புவதும் சமூகப் பணிதான்.

உள்ளே வந்தால் கதை வேறு. பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, பெரிய வீட்டில் தனியாக இருக்கும் தாத்தா பாட்டிகள், குடியால் உடைந்த குடும்பங்கள், முந்திரி ஆலையில் தினமும் பல மணி நேரம் உட்கார்ந்து வேலை செய்து இடுப்பு விட்டுப்போன பெண்கள். படிப்பு மட்டும் இதையெல்லாம் தீர்த்துவிடாது.

ஒரே மாவட்டம், மூணு உலகம்

வெளியூர்க்காரர்கள் முழு மாவட்டத்தையும் 'நாஞ்சில்நாடு' என்று சொல்லிவிடுவார்கள். உள்ளூரில் அப்படிச் சொன்னால் திருத்துவார்கள். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்து வயல் பூமிதான் நாஞ்சில்நாடு. மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் ரப்பர் தோட்டங்கள். அங்கே பேச்சில் மலையாளம் கலக்கும். தெற்கே கடற்கரைக் கிராமங்கள்.

1956 நவம்பர் 1 வரை இது முழுக்கத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த பகுதி. அதன் தடம் பேச்சிலும் சாப்பாட்டிலும் இன்னும் இருக்கிறது.

ரப்பர் பால் வெட்டுபவர் விடியும் முன் வேலைக்குப் போவார். கடற்கரையில் ஞாயிறு என்றால் கோயிலும் குடும்பமும். வீட்டைப் பார்க்கப் போகும் நேரத்தை இதைப் பொறுத்துத்தான் முடிவு செய்யணும்.

வேலை எங்கே தேடலாம்?

* மாவட்ட இணையதளம்: ஒருங்கிணைந்த சேவை மையம் (சகி), மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு போன்றவற்றின் பணியிடங்கள் இங்கேதான் அறிவிக்கப்படும். பெரும்பாலும் தொகுப்பூதியம், ஒப்பந்த வேலை. விண்ணப்பிக்கச் சில நாள்களே தருவார்கள். சில பணிகளுக்கு உள்ளூர்வாசியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். அதை முதலில் படியுங்கள்.
* தமிழ்நாடு தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளம்: அரசு நடத்துவது. பதிவு இலவசம்.
* தொண்டு நிறுவனங்கள்: கோட்டாறு மறைமாவட்டத்தின் சமூக சேவைச் சங்கம், பனைத் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய மார்த்தாண்டம் பி.டபிள்யூ.டி.எஸ், 1972-ல் ஏக்நாத் ரானடே தொடங்கிய விவேகானந்த கேந்திரம் ஆகியவை இங்கே நீண்ட காலமாக இயங்குபவை. விளம்பரம் வரட்டும் என்று காத்திருக்காமல், நேரில் போய் ஒரு பயோடேட்டா கொடுங்கள்.
* மருத்துவமனைகள், போதை மீட்பு மையங்கள், சிறப்புப் பள்ளிகள்: கவுன்சலர், மருத்துவ சமூகப் பணியாளர் வேலைகளை இங்கே விசாரியுங்கள்.

ஆஃபர் வந்தா உடனே தலையாட்டாதீங்க

சேவை மனப்பான்மை முக்கியம்தான். அதற்காகச் சம்பளம் கேட்பது தப்பில்லை. இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. இந்தத் திட்டத்துக்கு எந்த மாதம் வரை நிதி இருக்கு?
2. பி.எஃப், இ.எஸ்.ஐ உண்டா?
3. களத்துக்குப் போக பெட்ரோல், பஸ் செலவு யார் தருவாங்க?
4. நியமனக் கடிதம் எழுத்துல கிடைக்குமா?
5. பாலியல் புகார்களுக்கு உள்ளகக் குழு இருக்கா? (பத்துப் பேர் வேலை செய்தாலே சட்டப்படி கட்டாயம்.)

முதல் கேள்வி ரொம்ப முக்கியம். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பை 2020-ல் 50 சதவிகிதத்திலிருந்து 20 சதவிகிதமாகக் குறைத்தார்கள். நிதி நின்றால் முதலில் போவது புதிதாகச் சேர்ந்தவர் வேலைதான். நிறுவனத்தின் பதிவு விவரத்தை நிதி ஆயோக்கின் 'தர்பன்' தளத்தில் பார்க்கலாம். டெபாசிட் கேட்டாலோ, ஒரிஜினல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்வோம் என்றாலோ கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

ரூம் எங்கே எடுக்கலாம்?

எல்லாரும் நாகர்கோவிலில்தான் வீடு தேடுவார்கள். ஆனால் உங்கள் களம் மேற்கில் என்றால், சுமார் 30 கி.மீ தள்ளியிருக்கும் மார்த்தாண்டத்தில் தங்குவதே நல்லது. நாகர்கோவிலில் வடசேரி, அண்ணா என இரண்டு பேருந்து நிலையங்கள். எது உங்கள் ரூட் என்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். அரசு நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் இங்கே உண்டு. குடை பையிலேயே இருக்கட்டும்.

முதல் மூணு மாசம்: வாயை விட காதுக்கு வேலை

1920-களில் ஸ்பென்சர் ஹேட்ச் என்ற அமெரிக்கர் மார்த்தாண்டத்துக்கு வந்து, ஒய்.எம்.சி.ஏ மூலம் கிராம மேம்பாட்டு மையம் நடத்தினார். அங்கே கற்றுக்கொடுத்த கைத்தொழில்களில் ஒன்று தேனீ வளர்ப்பு. சின்ன இடத்தில், கொஞ்சப் பணத்தில் செய்யக்கூடிய தொழில். மார்த்தாண்டம் தேனுக்கு இன்றும் பெயர் இருக்கிறது. ஊருக்குப் பொருந்தியது ஊரோடு தங்கிவிடும்.

நீங்களும் முதலில் கேளுங்கள். நோட்டை நீட்டி விவரம் எழுதும் முன் ஒரு சாயா குடியுங்கள். பெரியவர்களை அண்ணாச்சி, அக்கா என்று கூப்பிடுங்கள். கடற்கரையில் வேலை என்றால் பங்குத்தந்தையையும் ஊர்க் கமிட்டியையும் முதலில் பாருங்கள். புரியாத வார்த்தையைக் கேட்கத் தயங்காதீர்கள். "பைய வாங்க" என்றால் 'மெதுவா வாங்க' என்று அர்த்தம்.

1098 (குழந்தைகள்), 181 (பெண்கள்), 14567 (முதியோர்), 14416 (மனநலம்) ஆகிய எண்களை இப்போதே போனில் சேமித்துவிடுங்கள். வேலை கிடைத்த முதல் நாளே தேவைப்படலாம். கடைசி எண் உங்களுக்கும் சேர்த்துத்தான். அடுத்தவர் துக்கத்தைத் தினமும் கேட்பது லேசான காரியம் இல்லை.

ஆரம்பத்தில் எல்லா வீட்டுத் திண்ணையிலும் "எந்த ஊரு மக்களே?" என்று கேட்பார்கள். சலிக்காமல் பதில் சொல்லுங்கள். ஒருநாள் அதே திண்ணையில், "சாப்பிட்டியா மக்களே?" என்று கேட்பார்கள். உண்மையான அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் அதுதான்!