கோணிய தாடையை நிமிர்த்திய கதை

எங்கள் வீட்டு போட்டோக்களில் என் அக்கா எப்போதும் முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொண்டுதான் நிற்பாள். நாலு வயதில் திண்ணையிலிருந்து குப்புற விழுந்தாள். மோவாயில் தையல் போட்டதோடு சரி, எல்லோரும் மறந்துவிட்டோம். வளர வளர மோவாய் வலப்பக்கம் ஒதுங்கிவிட்டது. இப்போது அவளுக்கு 24 வயது. தாடை எலும்பை அறுத்து நேராக்கலாம் என்று ஒரு டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் இரண்டு கட்சி. "முகத்துல போய் கத்தி வைக்கிறதா?" என்கிறார் அப்பத்தா. "எல்லாம் இப்ப வந்த பேஷன்" என்கிறார் சித்தப்பா.

நான் படிப்பது பி.காம். மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால் இது 'இப்ப வந்த பேஷன்'தானா என்று தேடிப் பார்க்கலாம் இல்லையா? தேடியதில் கிடைத்த கதை இது.

முகத்தில் கத்தி வைப்பது நம் நாட்டுக்குப் புதிதே இல்லை. திப்பு சுல்தானோடு நடந்த போர் 1792-ல் முடிந்தபோதுதான் நம் திண்டுக்கல் சீமை ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதே போரில் ஆங்கிலப் படையின் மாட்டுவண்டிக்காரர் கவாஸ்ஜி பிடிபட்டு மூக்கறுபட்டார். நெற்றித் தோலை மடக்கி அவருக்குப் புது மூக்கு வைத்த செய்தி 1794-ல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வந்தது. மேல்நாட்டுக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

ஆனால் மூக்கு என்பது தோல் வேலை. தாடை எலும்பு வேலை. அதற்கு இன்னும் அரை நூற்றாண்டு ஆனது. அமெரிக்காவில் வீலிங் என்ற ஊரில் சைமன் ஹல்லிஹென் என்பவர், தீக்காயத் தழும்பு இழுத்து இழுத்துத் தாடை நீண்டுபோன ஓர் இளம்பெண்ணுக்கு எலும்பை அறுத்துச் சரிசெய்தார். 1849-ல் அதை எழுதி வெளியிட்டார். தாடையைத் திருத்தச் செய்த முதல் அறுவை என்று இதைத்தான் சொல்கிறார்கள். அடுத்த பெரிய முயற்சி 1897-ல், செயின்ட் லூயிஸில் வில்ரே பிளேர் செய்தது.

பிறகு முதல் உலகப் போர். முகம் சிதைந்த சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். இங்கிலாந்தின் சிட்கப் மருத்துவமனையில் ஹரால்ட் கில்லீஸ் அவர்களுக்கு முகம் கட்டிக்கொடுத்தார். வாயில் வேலை நடக்கும்போது மயக்க மருந்தை எப்படிக் கொடுப்பது? மூச்சுக்குழாய்க்குள் குழாய் விடும் முறையை அங்கே மேகில், ரோபாதம் என்ற இரு டாக்டர்கள் தேற்றினார்கள். இன்றும் தாடை ஆபரேஷனில் மூக்கு வழியாகத்தான் குழாய் போகிறது.

உண்மையான திருப்பம் 1953-ல். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் ஹியூகோ ஓப்வெகேசர், வெளியே தழும்பே தெரியாமல் வாய்க்குள்ளிருந்தே தாடையை அறுத்தார். குறுக்கே வெட்டாமல், மூங்கிலைப் பிளப்பதுபோல எலும்பை நெடுக்காகப் பிளந்தார். பிளந்த இரண்டு பாளங்களும் ஒன்றன்மேல் ஒன்று நகரும். ஒரு பக்கம் முன்னே, இன்னொரு பக்கம் பின்னே என்று தள்ளிவைக்கலாம். ஒட்டும் பரப்பு அகலம் என்பதால் எலும்பு நன்றாகக் கூடும். கோணல் முகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்! அதே 1953-ல்தான் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. இன்றைய அரசு பல் மருத்துவக் கல்லூரி அதுதான்.

அந்தக் காலத்தில் எலும்பு கூடும்வரை மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் கம்பியால் கட்டி வாரக்கணக்கில் வாயை மூடி வைப்பார்கள். கஞ்சியும் நீராகாரமும்தான். 1974-ல் ஸ்பீசல் என்பவர் எலும்பைத் திருகாணியால் பிணைத்துக் காட்டினார். பிறகு டைட்டானியத் தகடுகள் வந்தன. கட்டு குறைந்தது.

சரி, அக்கா விஷயத்துக்கு வருவோம். காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள், ஒரு முண்டு அசையும். கீழ்த்தாடை வளர்வதில் அதற்குப் பெரிய பங்குண்டு. சின்ன வயதில் மோவாயில் விழும் அடி நேரே அங்கே போய்த் தாக்கலாம். அந்தப் பக்க வளர்ச்சி குன்றினால் மோவாய் அந்தப் பக்கமே ஒதுங்கும். அக்காவுக்கு நடந்தது இதுதான். வளர்ச்சி முழுதும் நின்ற பிறகு செய்தால்தான் திருத்தம் நிலைக்கும் என்பதால் பெரியவர்களுக்குச் செய்கிறார்கள். முன்னும் பின்னும் பல்லுக்குக் கம்பி போடவேண்டும். மேல்தாடையும் சாய்ந்திருந்தால் அதையும் அறுக்கவேண்டும்.

வரவு மட்டும் எழுதினால் கணக்கு ஆகாது, பற்றும் எழுதவேண்டும். கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும். பலருக்கு மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும், சிலருக்கு முழுசாகத் திரும்புவதில்லை.

இதையெல்லாம் ஒரு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் சொன்னேன். சித்தப்பா 'பேஷன்' பேச்சை விட்டுவிட்டார். அப்பத்தாவோ, "அந்த மூக்கறுபட்டவன் பொழச்சானா?" என்று மட்டும் கேட்டார். பிழைத்தார் அப்பத்தா என்றேன். அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள்: "உதடு மரத்தே போயிட்டா, சிரிக்க முடியுமா?"

முடியும். மரப்பது உணர்ச்சி நரம்பு. சிரிக்க வைக்கும் நரம்பு வேறு. சொன்னதும் முகத்தைத் திருப்பாமல் என்னை நேராகப் பார்த்துச் சிரித்தாள். ஆபரேஷன் செய்துகொள்வாளா என்று எனக்குத் தெரியாது. அது அவள் முடிவு. ஆனால் அது இனி யார் பயத்திலிருந்தும் வரவேண்டியதில்லை.