அரசர் முகத்தை அழித்து எழுதிய பெயர்



காசு என்றாலே கைமாறுவதுதான். இன்று நம் சட்டைப்பையில் இருப்பது நாளை கடைக்காரரின் கல்லாவுக்குப் போய்விடும். ஆனால் ஒருவருக்காக மட்டும் என்று செலவிடாமல் ஒதுக்கி வைத்த காசுகளும் வரலாற்றில் உண்டு. அவற்றைப் பற்றி இன்று சற்றுச் சிந்திப்போம்.

இடைக்கால இங்கிலாந்தில் வீட்டில் ஒருவர் நோயுற்றால், ஒரு புனிதரின் பெயரைச் சொல்லி, நோயாளிக்காக ஒரு வெள்ளிப் பென்னியை வளைத்து வைப்பார்கள். சுகம் கிடைத்ததும் அந்தக் காசு புனிதரின் கல்லறைக்குக் காணிக்கையாகப் போகும். 1320இல் புனிதராக அறிவிக்கப்பட்ட ஹெரிஃபோர்டு ஆயர் தாமஸ் கான்டிலூப்பின் புதுமைகளைப் பற்றிய ஏடுகளில் இந்த வழக்கம் பதிவாகியுள்ளது. நம் ஊரில் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைக்கிறோம் அல்லவா? அதைப் போலத்தான் இதுவும். வளைத்த காசு நேர்ந்துவிட்ட காசு. அதை எடுத்துச் செலவழிக்கக் கூடாது.

பின்னாளில் இந்தப் பழக்கம் காதலரிடமும் வந்தது. வளைத்த காசைக் கொடுத்தால் வாக்குக் கொடுத்ததாகப் பொருள். அடுத்து, காசின் ஒரு பக்கத்தையோ இரு பக்கத்தையுமோ வழவழப்பாகத் தேய்த்து, பெயரின் முதலெழுத்துகளையும் இதயத்தையும் பூவையும் செதுக்கித் தரும் வழக்கம் பரவியது. இவற்றையே இன்று சேகரிப்பவர்கள் காதல் அடையாளக் காசுகள் என்று அழைக்கிறார்கள்.

இவற்றுள் நெஞ்சை உருக்குபவை கைதிகள் விட்டுச் சென்ற காசுகள். அமெரிக்கா விடுதலை பெற்ற பிறகு, தன் குற்றவாளிகளை அனுப்ப பிரிட்டனுக்கு வேறு இடம் தேவைப்பட்டது. 1787 மே மாதம் போர்ட்ஸ்மவுத்திலிருந்து 11 கப்பல்கள் ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்டன. அதன்பின் 1868 வரை, ஏறத்தாழ 1,60,000 பேர் இவ்வாறு நாடு கடத்தப்பட்டனர். ஏழு ஆண்டு, பதினான்கு ஆண்டு, ஆயுள் முழுவதும் எனத் தண்டனை அமைந்தது. கைக்குட்டை திருடியவர்களும் அவர்களில் இருந்தார்கள். தண்டனைக் காலம் முடிந்தாலும் ஊர் திரும்பக் கப்பல் கட்டணம் வேண்டுமே! பெரும்பாலோர் திரும்பவே இல்லை.

சிறையிலும், ஆற்றில் நிறுத்தியிருந்த பழைய கப்பல்களிலும் காத்திருந்த நாள்களில், அவர்களில் சிலர் ஒரு செப்புக் காசைத் தேடிப் பிடித்தார்கள். 1797ஆம் ஆண்டு இட்ட பென்னி இதற்கு மிகவும் ஏற்றதாக இருந்தது. மேத்யூ போல்டன் என்பவர் பர்மிங்காம் அருகே சோஹோவில் நீராவி இயந்திரத்தால் அச்சடித்த காசு அது. குறுக்களவு 36 மில்லிமீட்டர். எடை ஓர் அவுன்ஸ். பெரிதாகவும் கனமாகவும் இருந்ததால் மக்கள் அதை ‘வண்டிச் சக்கரம்’ என்றே அழைத்தார்கள். அதே ஆலையில் 1803இல் நம் சென்னை மாகாணத்துக்கும் கிழக்கிந்தியக் கம்பெனியின் காசுகள் அச்சாயின.

அந்தப் பென்னியில் மூன்றாம் ஜார்ஜ் அரசரின் முகம் இருந்தது. தங்களை நாடு கடத்திய அரசின் முகம் அது. அதைத் தேய்த்து அழித்துவிட்டு, அங்கே அம்மாவின் பெயரையோ மனைவியின் பெயரையோ பொறித்தார்கள். உளி பிடிக்கத் தெரிந்தவர் செதுக்கினார். மற்றவர் கூரிய ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தினார். சிலருக்குக் கைதேர்ந்தவர்கள் செய்து கொடுத்தார்கள். புறா, நங்கூரம், காலில் விலங்கிட்ட மனிதன் என்று படங்களும் உண்டு. எழுத்துப் பிழைகளும் உண்டு. என்னை மறந்துவிடாதீர்கள் என்ற வேண்டுதலே அவற்றில் திரும்பத் திரும்ப வருகிறது.

இன்று ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரிலுள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இத்தகைய காசுகள் 300க்கும் மேல் உள்ளன. பெரும்பகுதி 2008இல் லண்டன் நாணய வணிகர் ஒருவரிடமிருந்து வாங்கப்பட்டவை. சாதாரண நாணயம் சேகரிப்பவர், தேயாத காசைத்தான் தேடுவார். இவற்றைச் சேகரிப்பவர் தேய்மானத்தையே உற்றுப் பார்க்கிறார். பழுப்பேறிய செம்பைப் பளபளவென்று துலக்க மாட்டார். துலக்கினால் காசு கடந்துவந்த காலத்தின் தடயமும் போய்விடும். மழுங்கிய எழுத்தைக் கண்டால், யாரோ பல ஆண்டுகள் இதை வைத்திருந்து தொட்டுத் தொட்டுப் பார்த்திருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது.

அன்புக்குரியவர்களே, காசில் உள்ள பெயரை ஆய்வாளர்கள் நீதிமன்ற ஏடுகளில் தேடுகிறார்கள். சிலருடைய பெயர் அங்கே கிடைக்கிறது. ஒரே மனிதரைப் பற்றி இப்போது இரண்டு பதிவுகள்: ஏட்டில் அவர் திருடர், அவர் செய்த குற்றமும் பெற்ற தண்டனையும் மட்டுமே அங்கே உள்ளன. காசிலோ அவர் ஒரு தாயின் மகன், ஒரு பெண்ணின் கணவர். இரண்டும் உண்மைதான். ஏடு சொன்னது பொய் என்று நாம் சொல்லவில்லை. திருட்டுக் கொடுத்தவரின் இழப்பும் உண்மையே. ஆனால் ஏடு மட்டும் எஞ்சியிருந்தால், அந்த மனிதரில் பாதியைக்கூட நாம் அறிந்திருக்க மாட்டோம்.

நம் தெருவிலும் சிறைக்குப் போன ஒருவரின் வீடு இருக்கலாம். அந்த வீட்டுப் பிள்ளையை நாம் என்ன சொல்லிக் குறிப்பிடுகிறோம்? “திருடன் மகன்” என்றா, அவனுடைய பெயரைச் சொல்லியா? அவன் தாய் மனு எழுதி, பேருந்து பிடித்து, சில நிமிடச் சந்திப்புக்காகச் சிறை வாசலில் வரிசையில் நிற்கும் நாளில், நம்மில் யாராவது துணைக்குப் போயிருக்கிறோமா?

இந்த வாரம் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவோம். உள்ளே இருப்பவர் எப்படி இருக்கிறார் என்று, அவர் பெயரைச் சொல்லிக் கேட்போம்.