இறம்பொடையில் பிறந்த ராசம்மா: ருக்மணி தேவியின் குரல் வந்த வழி

இருபதாம் நூற்றாண்டுச் சிங்களப் பாடலின் வரலாற்றை ஆராய்வோர் கெரட் ஃபீல்ட் 2017இல் வெளியிட்ட நூலைத் தாண்டிச் செல்ல முடியாது. பாடலாசிரியர்களையும் கவிஞர்களையும் நடுவே நிறுத்தி எழுதப்பட்ட நூல் அது. ஒருபுறம் முனிதாச குமாரதுங்கவின் தூய சிங்கள இயக்கம், மறுபுறம் தாகூரும் வட இந்திய இசைக் கல்வியும் என்ற இரண்டு இழைகளால் அவர் கதையைப் பின்னுகிறார். பாடகர் அமரதேவ லக்னோவின் பாத்கண்டே கல்லூரியில் பயின்றதும், 1952இல் வட இந்திய இசையறிஞர் எஸ்.என். ரத்தன்ஜங்கர் இலங்கை வானொலிக் கலைஞர்களைத் தரம்பிரிக்க வந்ததும் இந்தச் சட்டகத்தில் அழகாகப் பொருந்திவிடுகின்றன. மொழிக்கொள்கையும் பாடல் யாப்பும் ஒன்றையொன்று எப்படி வளைத்தன என்பதை இவ்வளவு நுட்பமாக வேறெவரும் காட்டியதில்லை.

ஆயினும் என் வாசிப்பில், அந்தச் சட்டகத்தின் அடித்தளத்திலேயே ஒரு சாய்வு இருக்கிறது. யார் எழுதினார் என்று கேட்டால் திசைகாட்டி வடக்கே திரும்புகிறது. யார் பாடினார், எங்கே ஒலிப்பதிவு செய்தார்கள், வாத்தியக்குழுவை நடத்தியவர் யார் என்று கேட்டால் அது மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் திரும்புகிறது. தென்னிந்தியப் பாதையை, சிங்கள இசை தன்னைக் கண்டுகொள்ளும் முன் கடந்துவந்த, பிறமொழி மெட்டுகளைப் பின்பற்றிய சாயல் பாட்டுக் காலமாக மட்டும் கொள்வது போதாது. வெகுமக்களின் காதில் சிங்களப் பாட்டு முதலில் குடியேறியது அந்தப் பாதை வழியாகத்தான்.

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் சாலையில், புசல்லாவைக்கு அப்பால், அருவிகளுக்குப் பேர்போன இறம்பொடையில் 1923 ஜனவரி 15 அன்று பிறந்தவர், அந்தப் பாதைக்கு நான் சான்றாகக் கொள்ளும் பாடகியும் நடிகையுமான ருக்மணி தேவி. குடும்பம் கொழும்புச் செட்டிச் சமூகத்தைச் சேர்ந்தது, கிறித்தவம் தழுவியது. சுருக்க வரலாறுகளில் அவர் இயற்பெயர் 'டெய்சி டேனியல்ஸ்' என்று மட்டும் வரும். சற்று விரிந்த குறிப்புகளில் 'டெய்சி ராசம்மா டேனியல்ஸ்' என்று வரும். நடுப்பெயர் சுருக்கத்துக்காக உதிர்ந்திருக்கலாம். ஆனால் எதைச் சுருக்கலாம் என்று ஒருவர் தீர்மானிப்பதிலும் அவரது நோக்கு தெரிகிறது. தேவாலயப் பதிவுக்கு டெய்சி போதும், குடும்ப அடையாளத்துக்கு டேனியல்ஸ் போதும். ராசம்மா வீட்டுக்குள் தேவைப்பட்ட பெயர். பாட்டியோ பெரியம்மாவோ வாய்நிறையக் கூப்பிடும் பெயர் அது. அந்த வீட்டில் தமிழ் புழங்கியது என்பதற்கு நான் முதன்மையாக முன்வைக்கும் சான்று இதுவே.

சான்று மெலிந்தது என்பதை அறிவேன். கொழும்புச் செட்டிகளை எளிதாகத் 'தமிழர்' என்ற ஒரே பெட்டிக்குள் அடைத்துவிட முடியாது. தென்னிந்தியாவிலிருந்து வந்த வணிக மரபினராயினும் தங்களைத் தனிச் சமூகமாகக் கருதுவோர் அவர்களிடையே பலர். இறம்பொடை என்றதும் தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயன் குடியிருப்புகளோடு இவரை இணைத்து எழுதுவதும் தவறு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளர்மீது இறக்கிய பாரம் வேறு, இவர் குடும்பத்தின் நிலை வேறு. இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ராசம்மா என்ற பெயர் அசையாமல் நிற்கிறது. இனக் கணக்குக்காக அதை நான் வலியுறுத்தவில்லை. சிங்களத்தை அவர் செம்மையாக உச்சரித்துப் பாடியது ஒரு மொழியிலிருந்து இன்னொன்றுக்குள் முயன்று நடந்து சேர்ந்த உழைப்பு. வரலாறு அந்த உழைப்பைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

இசைக்கலைஞர் எச்.டபிள்யூ. ரூபசிங்கவுடன் எச்.எம்.வி. இசைத்தட்டில் அவர் பாடிய 'சிறி புத்தகயா விஹாரே'யைப் பாருங்கள். புத்தகயா ஆலயத்தைப் பௌத்தர்களுக்காக மீட்க இலங்கைப் பௌத்தத் தலைவர் அநகாரிக தர்மபால 1891இல் தொடங்கிய இயக்கம் இன்னும் முடிவு காணாதிருந்த காலம். புத்தகயா ஆலயச் சட்டம் 1949இல்தான் வந்தது. அந்த ஏக்கத்தைப் பாட ஒலிவாங்கியின் முன் நின்றவர் கிறித்தவ வீட்டுப் பெண், வயது பதினாறை ஒட்டியது. தட்டின் ஆண்டு 1938 என்றும் 1939 என்றும் வழங்குகிறது. அக்காலத் தட்டுகளின் ஒட்டுத்தாளில் பொதுவாக ஆண்டு அச்சிடுவதில்லை. வரிசை எண்ணும் பதிவெண்ணும்தான் துணை. நிறுவனப் பேரேட்டோடு அவற்றை ஒப்பிடும்வரை, முப்பதுகளின் இறுதி என்பதோடு நிற்பதே நேர்மை.

1947 ஜனவரி 21 அன்று கொழும்பு கிங்ஸ்லி திரையரங்கில் 'கடவுணு பொறொந்துவ' வெளியானது. முதல் சிங்களப் பேசும்படம். நாயகியும் பாடகியும் ருக்மணி தேவியே. கதை பி.ஏ.டபிள்யூ. ஜயமான்னவின் மினர்வா நாடகக் குழுவுடையது. தயாரித்தவர் எஸ்.எம். நாயகம், படம்பிடித்தது மதுரையில் அவருடைய சித்ரகலா மூவிடோனில், இசை நாராயண ஐயர். சிங்களம் பேசும் நடிகர்கள் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்து, தமிழ்ப் படங்களுக்கு வாசித்துப் பழகிய சூழலில் நின்று பாடினார்கள். மற்றவர்களுக்கு அது அயல்நாடு. ராசம்மாவுக்கு எவ்வளவு அயல் என்பதை அளக்க வழியில்லை. அவர்களுள் அந்தச் சூழலின் பேச்சு காதில் மிக இயல்பாக விழுந்திருக்கக்கூடியவர் அவர் என்று கருதுகிறேன்.

அதே ஆண்டின் 'அசோகமாலா' கோயம்புத்தூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் உருவானது. இசை முகம்மது கவுஸ். அல்பர்ட் பெரேரா என்ற இளைஞர், பிற்கால அமரதேவ, திரைக்குப் பாடத் தொடங்கியது அதில்தான். ஃபீல்டின் வடக்கு இழையில் தலையாய இடம் பெறும் அமரதேவவின் திரைவாழ்வு லக்னோவுக்கு முன்பே கோயம்புத்தூரில் தொடங்கிவிட்டது. இந்த ஒரு செய்திக்காகவே அந்த வரைபடத்தைத் திருத்தி வரையலாம் என்பேன்.

'அசோகமாலா'வில் பாடிய இன்னொருவர் முகைதீன் பேக். 1919இல் சேலத்தில் பிறந்த இஸ்லாமியர். முப்பதுகளின் தொடக்கத்தில் இலங்கை வந்தவர். சிங்களத்திலும் தமிழிலும் பாடினார். வெசாக் நாட்களில் அவருடைய பௌத்த பக்திப் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. ருக்மணி தேவியும் அவரும் இணைந்து பாடிய பாடல்களில், மலைநாட்டில் பிறந்த கிறித்தவப் பெண்ணும் சேலத்து முஸ்லிமும் சிங்களத்தில் காதல் பேசுகிறார்கள். கேட்டவர்கள் அதை அயலார் குரலாகக் கருதியிருந்தால், 1978 அக்டோபர் 28 அன்று மாத்தறை நிகழ்ச்சியிலிருந்து திரும்பும் வழியில் துடெல்லவில் வாகன விபத்தில் ருக்மணி தேவி இறந்தபோது அத்தனை பெருந்திரள் இறுதி அஞ்சலிக்காக நீர்கொழும்பில் திரண்டிருக்காது. பேக் 1991 நவம்பர் 4 வரை வாழ்ந்தார். அவர் வந்திறங்கிய ஆண்டை 1931 என்று சிலரும் 1932 என்று சிலரும் எழுதுகிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்குப் போதிய ஆதாரம் இல்லை.