ஆர்க்டிக் பாறையில் கீறல்கள்: 20,000 வருஷத்துக்கு முந்தைய பனி எந்தப் பக்கம் போனது?

நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில், நி-ஒலெசுண்ட் என்ற சின்ன ஊரில் இருக்கிறது இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம். 2008 முதல் இயங்குகிறது. அதன் எதிரே காங்ஸ்ஃபியோர்டன் என்ற கடல் இடுக்கு. இன்று அங்கே கப்பல் போகிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பள்ளம் முழுக்கப் பனி. அது மேற்கு நோக்கி ஆழ்கடல் விளிம்பு வரை நகர்ந்தது. யாரும் பார்க்காத இந்த விஷயம் எப்படித் தெரியும்?

பனிக்கட்டி நகருமா?

நகரும். பல பத்து மீட்டர் தடிமன் சேர்ந்தாலே, தன் எடையால் மெல்ல வழிய ஆரம்பிக்கும். அடியில் சிக்கிய கற்கள் உப்புத்தாள் மாதிரி பாறையைத் தேய்க்கும்.

என்னென்ன தடயங்கள்?

* கீறல்கள்: பனி நகர்ந்த கோட்டைக் காட்டும். ஒன்றை ஒன்று வெட்டினால், நடுவில் திசை மாறியிருக்கிறது என்று அர்த்தம்.
* பாறை மேடுகள்: பனி வந்த பக்கம் வழுவழுப்பு, போன பக்கம் பிய்த்தெடுத்த கரடுமுரடு. முன்னா பின்னா என்ற குழப்பம் இதில் தீரும்.
* மொரெய்ன்: பனி தள்ளிக் குவித்த கல், மண் மேடு. எதுவரை வந்து நின்றது என்று சொல்லும்.
* கடலடி வரிகள்: சோனார் கருவியில் தெரியும் நீளமான இணைகோடுகள். பனி வேகமாக ஓடிய இடம்.

பனியின் மையம் எங்கே?

பனியின் பாரத்தில் நிலம் அமுங்கும். பனி போனதும் மெதுவாக எழும். ஸ்வால்பார்டின் கிழக்கே உள்ள காங் கார்ல்ஸ் லேண்ட் தீவுகளில், பழைய கடற்கரை இன்று கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேற்குக் கரையில், பனி விலகிய பிறகு எழுந்த அளவு இதைவிடக் குறைவு. அப்படின்னா, தடித்த பனி இருந்தது கிழக்கே, இப்போது பேரன்ட்ஸ் கடல் இருக்கும் பக்கம். கடல் தரையிலேயே உட்கார்ந்திருந்த பனிவிரிப்பு அது.

சரி, இது நமக்கு எதுக்கு?

மேற்கு அன்டார்க்டிகாவின் பனியும் இன்று அதே மாதிரி, கடல் மட்டத்துக்குக் கீழே உள்ள தரையில்தான் பெரும்பாலும் நிற்கிறது. அது முழுக்கக் கரைந்தால், உலகக் கடல் மட்டம் சராசரியாக 3 மீட்டருக்கு மேல் உயரும். மும்பை, சென்னை இரண்டுமே கரையோர நகரங்கள். அந்தப் பனி எவ்வளவு வேகமாகச் சரியும் என்று கணிக்கும் கணினி மாதிரிகளைச் சோதிக்க, ஏற்கெனவே கரைந்து முடிந்த ஒரு உதாரணம் வேண்டும். பேரன்ட்ஸ் கடல் பனி அப்படிப்பட்டது. அது விட்டுப்போன கணக்கு, அந்தக் கீறல்களிலும் மேடுகளிலும்தான் இருக்கிறது.